சான்றிதழ் கொடுக்கும் முன் கல்லாவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி ஒரு படம் வரும். பின்னால் ஃபிளெக்ஸ் பேனர், ஓரத்தில் குத்துவிளக்கு, நடுவில் சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி முப்பது பேர். சுயதொழில் பயிற்சி நிறைவு விழா. அத்தனை நாளும் உள்ளே என்ன நடந்தது என்பது படத்தின் கீழே இருக்காது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் தெரியும். திட்ட அறிக்கை, ஜி.எஸ்.டி., வங்கி நடைமுறை, மானியத் திட்டங்கள், சந்தைப்படுத்தல், கடைசியில் ஒன்றரை மணி நேரம் 'தன்னம்பிக்கை'. அதற்கென்று வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வருவார். கை தட்டச் சொல்வார், எழுந்து நின்று 'என்னால் முடியும்' என்று மூன்று முறை சொல்லச் சொல்வார். மனப்பாங்குப் பயிற்சி முடிந்தது என்று கோப்பில் டிக் விழுந்துவிடும்.

சிறுதொழில் செய்பவருக்கு மனப்பாங்கும் நடத்தையும் முக்கியம் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் கோளாறு. கல்லாப் பெட்டி, கடன் நோட்டு, கொள்முதல், வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சு என்று கைபடும் இடங்களில் ஒவ்வொரு பழக்கமாகச் செய்ய வைத்தால்தான் மனப்பாங்கு நகரும். பேசி நகர்த்த முடியாது. அதற்குப் பயிற்சியின் அட்டவணையே வேறு மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக உருண்டையான எண்களை வைத்துக்கொள்ளலாம். இட்லி அரிசி 4 கிலோ 200 ரூபாய், உளுந்து 1 கிலோ 140, வெந்தயமும் உப்பும் 10, கரண்ட் 20, கவர் 12-க்கு 24. ஆக 394 ரூபாய். மாவு சுமார் 12 கிலோ தேறும். கிலோ 50 என்று விற்றால் 600. 'தினம் 200 ரூபாய் நிக்குது' என்று அவர் சொல்வார். கணக்கு தப்பில்லை, பள்ளிக்கூடத்துக் கணக்கு அது. ஆனால் ராத்திரி கல்லாவை எண்ணினால் 400 ரூபாய்தான் இருக்கிறது. செலவு போக மிச்சம் 6 ரூபாய்.

மீதி எங்கே போனது? வீட்டுக்கு 1 கிலோ எடுத்தார்; சொந்த வீட்டுக்கு எடுத்ததை எழுதுவதா என்று எழுதவில்லை. 1 கிலோ விற்காமல் நின்று மறுநாள் புளித்தது. பக்கத்து வீடுகளுக்கு 2 கிலோ கடன். மூன்றும் சேர்ந்து 200 ரூபாய். அரைக்கவும் அளந்து கட்டவும் ஆன மூன்று மூன்றரை மணி நேரக் கூலியை இன்னும் தொடவே இல்லை.

இந்த மூன்று ஓட்டைகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதைத்தான் பயிற்சி கொடுப்பவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். வீட்டு மாவை எழுதாதது வெறும் பழக்கம். புளித்த மாவு, ஊகத்தில் அரைத்ததால் வந்தது. கடன், கேட்கக் கூச்சப்பட்டதால் வந்தது. கூட்டல் கழித்தல் தெரியாததால் வந்தது ஒன்றுகூட இல்லை. இவருக்கு இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை மூன்று நாள் நடத்தினாலும் அந்த 2 கிலோ கடன் அப்படியேதான் நிற்கும். 'உன்னால் முடியும்' என்று சொன்னால் 20 கிலோ அரைப்பார். புளிப்பது 3 கிலோ ஆகும்.

ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தலைநகர் லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளை 500, 500 ஆகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் கணக்கு, சந்தை, நிதி என்ற வழக்கமான தொழில் பயிற்சி. இன்னொரு பகுதிக்கு நடத்தைப் பயிற்சி: யாரும் சொல்லாமல் தானாகத் தொடங்குவது, வரப்போவதை முன்கூட்டி யோசிப்பது, தடை வந்தால் விட்டுவிடாமல் வேறு வழி தேடுவது. மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. 2014-ல் பயிற்சி. அடுத்த இரண்டு ஆண்டுகளில், நடத்தைப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் பயிற்சியே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 சதவீதம். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவு. 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான முடிவு இது.

இந்த 30 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் மேடையில் பேசுகிறார்கள். அது எப்படி வந்தது என்பதைப் பேசுவதில்லை. வகுப்பு மொத்தம் 36 மணி நேரம். ஒரே மூச்சில் நடத்தவில்லை. வாரம் மூன்று அரை நாள், நான்கு வாரம். அதன் பிறகு நான்கு மாதம், மாதம் ஒரு தடவை பயிற்சியாளரே கடைக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். நம் ஊரில் நடப்பதுபோல் காலை 10 முதல் மாலை 5 வரை தொடர்ந்து பத்து நாள் அடைத்து வைத்திருந்தால், கேட்டதைக் கடையில் செய்து பார்க்க நேரமே கிடைத்திருக்காது. பத்து நாள் கடையை மூடினால் வாடிக்கையும் போகும். அதனாலேயே உண்மையில் கடை நடத்துகிறவர்கள் பயிற்சிக்கு வருவதில்லை. மானிய விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் தேவைப்படுகிறவர்கள்தான் வருகிறார்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஜமைக்காவில் இதே வகைப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தபோது மூன்று மாதத்தில் தெரிந்த முன்னேற்றம் ஒரு வருடத்தில் கரைந்து போயிருந்தது. ஆகவே இது மந்திரம் இல்லை. பழக்கம் ஊறும்வரை யாராவது பின்னால் நின்றாக வேண்டும்.

நமக்கு இது புதுச் சரக்கும் இல்லை. 1964-லேயே ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டும் ஹைதராபாத்தில் இருந்த மத்திய அரசின் சிறுதொழில் பயிற்சி நிறுவனமும் சேர்ந்து ஆந்திரத்தின் காக்கிநாடா வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி, அதாவது தானே இலக்கு வைத்து அதை எட்டும் முனைப்பை வளர்க்கும் பயிற்சி, கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகத் தொழிலை விரித்தார்கள். சாதியோ பழைய நம்பிக்கைகளோ அதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்பது கிடைத்த முக்கியமான முடிவு. 'வியாபாரம் ரத்தத்துல ஊறணும்' என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. ரத்தம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழக்கம்தான். மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன் முதலில் பொட்டலம் கட்டினான், பிறகு தராசைத் தொட்டான், கல்லாப் பக்கம் போக வருடங்கள் ஆயின. விளக்கு வைத்த பிறகு கடன் இல்லை, போணி ஆகும்முன் கடன் இல்லை என்ற கட்டுப்பாடுகளை யாரும் அவனுக்கு வகுப்பெடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் படிந்தது. சாஸ்திரம்போலத் தெரிந்தாலும் அவை கடன் கட்டுப்பாட்டு விதிகள். முகம் சுளிக்காமல் மறுக்க லட்சுமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதிரி எளிய விதிகளின் பலத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். டொமினிகன் குடியரசின் தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் சிறுகடன் வாங்கும் வியாபாரிகளில் ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல், இன்னொரு பிரிவுக்கு ஓரிரு கைவிதிகள்: கடைப் பணம் ஒரு பெட்டியில், வீட்டுப் பணம் வேறு பெட்டியில், ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால் சீட்டு எழுதிப் போடு. கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. கைவிதிகளைக் கற்றவர்களிடம் மாற்றம் தெரிந்தது. அதிலும் படிப்பு குறைந்தவர்களிடம் அதிகமாக.

எனவே முதல் வார வேலை இரண்டு டப்பா. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் இரண்டாம் நாளே கடையில் இரண்டு டப்பா வைத்திருக்க வேண்டும். தனக்கென்று ஒரு நாள் கூலியை, 150 ஆனாலும் சரி, 300 ஆனாலும் சரி, நிர்ணயித்து, ராத்திரி கடை மூடும்போது அதை மட்டும் வீட்டு டப்பாவுக்கு மாற்ற வேண்டும். இடையில் எடுத்தால் சீட்டு. இது நான்காம் நாளில் உடையும், எதிர்பார்த்தே இருக்கலாம். பள்ளிக்கூட ஃபீஸ், மொய், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு என்று கடை டப்பாவில் கை போகும். எடுத்ததற்குத் திட்டக் கூடாது. சீட்டு போட்டாரா என்று மட்டும் கேட்க வேண்டும். திட்டினால் அடுத்த வாரம் சீட்டும் வராது, ஆளும் வரமாட்டார்.

இப்போது இதில் புதுச் சிக்கல் ஒன்று சேர்ந்திருக்கிறது. கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை பல இடங்களில் கணவர் அல்லது மகனின் கணக்கோடு இணைந்தது. ஸ்பீக்கர் 'ஐம்பது ரூபாய் பெறப்பட்டது' என்று கத்துகிறது. கல்லாவில் ஒன்றும் விழுவதில்லை. பாதி வியாபாரம் அப்படிப் போனால் இரண்டு டப்பாவும் பொம்மைதான். கடை நடத்துகிறவர் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு, அதற்குத் தனி அட்டை, பணம் வந்த செய்தி அவர் போனுக்கே வரும்படி ஏற்பாடு. இதைச் செய்ய ஒரு அரை நாளை ஒதுக்கி, வகுப்பிலேயே போனை எடுத்து முடித்துவிட வேண்டும். 'வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள்' என்றால் நடக்காது, வீட்டில்தானே சிக்கலே.

வளையம் எறியும் விளையாட்டு பயிற்சிக் கூடங்களில் பழையது; காக்கிநாடா காலத்து மரபிலிருந்து வருவது. தரையில் ஒரு முளை, தூரத்தைக் குறிக்கும் கோடுகள், கையில் வளையங்கள். எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்பதை எறிகிறவரே தேர்ந்தெடுப்பார். காலடியில் நின்று போடுகிறவர் நிச்சயத்தை மட்டும் தேடுகிறார். சுவரோரம் போய் எறிகிறவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறார். தன் கைக்கு எட்டும் எட்டாததன் விளிம்பைத் தேடி, ஒவ்வொரு சுற்றிலும் கோட்டை மாற்றிக்கொள்கிறவர் கணக்குப் போட்டுத் துணிகிறவர். நல்ல விளையாட்டு. ஆனால் பல இடங்களில் பயிற்சியாளர் 'நடுவிலிருந்து எறிவதுதான் நல்ல தொழில்முனைவோர்' என்று முதலிலேயே விடையைச் சொல்லிவிடுகிறார். எல்லோரும் நடுவில் போய் நிற்கிறார்கள். முடிந்தது கதை.

செய்ய வேண்டியது இப்படி: ஒருவருக்கு 5 வளையம், 3 சுற்று. எறியும் முன் எத்தனை விழும் என்று அவரவர் காகிதத்தில் எழுத வேண்டும். இரண்டாம் சுற்றிலிருந்து ஆளுக்கு 10 ரூபாய் சொந்தக் காசு வைக்க வேண்டும். காசு வைத்ததும் நிற்கிற இடம் மாறுவதை அவர்களே பார்ப்பார்கள். மூன்று சுற்றும் முடிந்தபின் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், ஆனால் முன்னால் சொல்லக் கூடாது. பிறகு பயிற்சியாளர் விளக்கம் எதுவும் சொல்லாமல், கடந்த ஏழு நாள் வாங்கிய சரக்கு, விற்ற சரக்கு, நின்ற சரக்கு என்று மூன்று எண்களை எழுதச் சொல்ல வேண்டும். எறிந்ததும் அரைத்ததும் ஒரே புத்தியில் நடந்தவை என்பதை மாவு அரைப்பவர் அப்போது தானாகவே சொல்வார். அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் 6 மணிக்குள் போனில் ஆர்டர் கேட்டுவிட்டு, நிச்சயமான 8 கிலோவை முதலில், மீதியை ஆர்டர் பார்த்து அரைப்பது என்று அவரே ஒரு வழியைப் பிடிப்பார். அதை வெள்ளைப் பலகையில் நாம் எழுதியிருந்தால் அவர் நோட்டில் எழுதிக்கொண்டு மறந்திருப்பார்.

கடன் வசூல்தான் எல்லாவற்றிலும் கடினம். இதற்குப் பாடம் கிடையாது, ஒத்திகைதான். வாடிக்கையாளராக நடிப்பவர் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. அவர் இரக்கப்பட்டு இரண்டாவது வாக்கியத்திலேயே மடங்கிவிடுவார். பங்கேற்பவர்களில் வாய்த் துடுக்கான ஒருவரை அமர்த்தினால், 'என்ன பெரிய காசு, நாங்க ஓடியா போயிடுவோம்' என்று ஆரம்பிப்பார். முதல் தடவை எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூன்றாவது தடவை பதில் வாயில் உட்காரும். 'இல்லை' என்ற சொல்லே வராமல் மறுக்கும் வாக்கியங்களை அவர்களே உருவாக்குவார்கள். 'அக்கா, பழைய 340-ஐ முடிச்சுட்டு இதைப் புதுசா எழுதிக்கலாமே' என்பது அப்படி ஒன்று. சத்தம் உயராது, நோட்டு கையில் இருக்கும், தொகை துல்லியமாக இருக்கும். இந்த மூன்றும் பழகினால் போதும். 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை எழுதித் தொங்கவிட்டு அதன் கீழேயே நின்று கடன் கொடுக்கும் கடைகளை எத்தனை பார்க்கிறோம்!

கூடவே ஒரு வரம்பும் வேண்டும். வெளியே நிற்கும் மொத்தக் கடன் மூன்று நாள் கொள்முதலைத் தாண்டக் கூடாது. ஏன் மூன்று? அதற்கு மேல் போனால் நான்காம் நாள் அரிசி வாங்கத் தண்டல்காரரிடம் போக வேண்டியிருக்கும். வாடிக்கையாளருக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, அதே தொகையைத் தினவட்டிக்கு வாங்கும் கூத்து அங்கேதான் தொடங்குகிறது.

முன்கூட்டி யோசிப்பதற்கு மாதக் காலண்டர் பயிற்சி ஒன்றே போதும். பெரிய தாளில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம். தையல் கடைக்காரர் என்றால் கல்யாண மாதங்களான தை, வைகாசி, ஆவணியில் தலைக்கு மேல் வேலை. ஆடியும் மார்கழியும் மந்தம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் ராத்தூக்கம் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு கட்டத்தின் கீழும் 'இதற்கு இரண்டு மாதம் முன்பு நான் செய்ய வேண்டியது' என்று ஒரு வரி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். ஜூனில் பள்ளி திறக்கும்போது சீருடை கேட்டுப் போவதில் பயனில்லை. மார்ச், ஏப்ரலிலேயே துணி மாதிரியோடு பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்க வேண்டும். மெஷின் சர்வீஸ் ஆடியில் முடிந்திருக்க வேண்டும். லைனிங் துணியும் ஊக்கும் நூலும் சீசன் விலை ஏறுமுன் வாங்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் தாள் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் மதிப்பெண்.

சந்தை ஆய்வு என்று அனுப்பினால் பலர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொண்டு வருவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். எல்லா விலையும் பூஜ்யத்தில் முடியும், எல்லாக் கடைக்காரரும் ஒரே வாக்கியம் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கு 3 போட்டிக் கடை, 5 வாடிக்கையாளர், 2 மொத்த வியாபாரி என்று வரம்பு கட்டி, வாங்கிய ஏதாவது ஒரு பொருளின் பில்லோடு வரச் சொல்ல வேண்டும். மொத்த வியாபாரியிடம் கேட்க ஒரே கேள்விதான்: ரொக்கத்துக்கு என்ன விலை, கடனுக்கு என்ன விலை. அந்த வித்தியாசத்தை எழுதிக்கொண்டு வருகிறவருக்கு அதுவரை தெரியாமல் கட்டிக்கொண்டிருந்த வட்டி கண்ணில் படும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில், உழைக்கும் பெண்களுக்கான கூட்டுறவு வங்கியான சேவா வங்கியின் வாடிக்கையாளர்களுக்கு நடந்த இரண்டு நாள் பயிற்சியில், சிலரைத் தனியாகவும் சிலரைத் தோழி ஒருவரோடும் அழைத்தார்கள். பாடம் ஒன்றுதான். தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்குக் கூடுதலாகக் கடன் வாங்கினார்கள். நான்கு மாதம் கழித்துக் குடும்ப வருமானமும் உயர்ந்திருந்தது. தனியாக வந்தவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. நம் ஊரில் மகளிர் குழு இருக்கிறதே, தோழிக்கு என்ன பஞ்சம் என்று தோன்றலாம். குழுவில் பக்கத்தில் உட்காருபவருக்கும் நாமே தேர்ந்தெடுத்த தோழிக்கும் வித்தியாசம் உண்டு. குழுக் கடனில் ஒருவர் தவணைக்கு இன்னொருவர் ஜாமீன் என்பதால் 'எனக்கு நட்டம்' என்று வாய்விட்டுச் சொல்லவே தயங்குவார்கள். அழைப்புக் கடிதத்தில் 'நீங்கள் விரும்பும் ஒருவரை உடன் அழைத்து வரலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நேரமும் அவர்களுக்குத் தோதாக, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருமுன் முடிய வேண்டும்.

நான்கு மாத கடை வருகைக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலும் சொதப்புகிறது. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய ருட்செட்டி என்ற சுயதொழில் பயிற்சி நிறுவனத்தின் மாதிரியைப் பார்த்து வந்தவைதான் இன்று மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள். பயிற்சி இலவசம், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பயிற்சிக்குப் பிறகு இரண்டு ஆண்டு தொடர் கவனிப்பு என்பது அவற்றின் விதியிலேயே இருக்கிறது. விதி நல்ல விதி. ஆனால் தொடர் கவனிப்பு என்பது போன் போட்டு 'கடை நடக்குதா, லோன் வந்துச்சா' என்று கேட்டுப் பதிவேட்டில் குறிப்பதாகவும், வந்தாலும் கடை முன் நின்று படம் எடுத்து அனுப்புவதாகவும் சுருங்கிவிடக்கூடியது. மானியம் கொடுத்த துறையின் ஆளும் பயிற்சி கொடுத்தவரும் சேர்ந்து வந்தால் நிலைமை இன்னும் மோசம். கடைக்காரருக்கு அது ஆய்வு. பழைய சரக்கை மறைப்பார், நோட்டைக் காட்டமாட்டார்.

மூன்று மணி நேர வருகையில் முதல் அரை மணி எதுவும் பேசக் கூடாது. ஓரமாக உட்கார்ந்து, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வாங்காமல் போனார்கள், ஏன் போனார்கள் என்று எண்ண வேண்டும். சில்லறை இல்லை, கடைக்காரர் போனில் இருந்தார், கேட்ட அளவு இல்லை என்று காரணங்கள் வரிசையாக விழும். பிறகு நோட்டு. கடைசியாக எழுதிய தேதி எது என்பதுதான் முதல் பார்வை. எல்லா வரியும் ஒரே மையில் ஒரே கையெழுத்து வேகத்தில் இருந்தால் அது நேற்று ராத்திரி எழுதியது. அதையும் கண்டிக்க வேண்டாம், இன்றைய வரியை நம் முன்னால் எழுத வைத்தால் போதும். பிறகு ஒரே ஒரு மாற்றம். ஐந்து அறிவுரை சொன்னால் ஒன்றும் நடக்காது. 'கடனைக் குறைக்கிறேன்' என்று சொன்னால் ஏற்கக் கூடாது. யாரிடம், எவ்வளவு, எந்தக் கிழமைக்குள், நடந்ததற்கு அடையாளம் என்ன என்ற நான்கும் இருந்தால்தான் அது ஒரு முடிவு: 'வெள்ளிக்கிழமைக்குள் மூன்று வீட்டில் 600 ரூபாய் வசூல், நோட்டில் அடிக்கோடு.' அடுத்த வருகையில் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கு ஆள் எங்கே, காசு எங்கே என்று கேட்பார்கள். 25 பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான்கு தடவை என்றால் 100 வருகை. நாளுக்கு இரண்டு கடை பார்த்தால் 50 வேலை நாள். பேனர், விழாப் பந்தல், சிறப்புப் பேச்சாளர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு காசில்லை என்று சொல்லட்டும்.

மனப்பாங்கு என்று பேசுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தொழில் படுத்தால் 'உனக்கு முனைப்பு போதாது' என்று சொல்லி எல்லோரும் கை கழுவிவிடலாம். வங்கியில் ஆறு தடவை 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பப்பட்டவரிடம் போய் விடாமுயற்சி பற்றிப் பேசுவது அநியாயம். ஜாப் ஒர்க், அதாவது கம்பெனி கொடுத்த வேலையைக் கூலிக்குச் செய்து, முடித்துக் கொடுத்த பட்டறைக்காரருக்குப் பெரிய கம்பெனி நான்கு மாதம் பணம் தராமல் இழுத்தால், அவருடைய மனப்பாங்கில் கோளாறு இல்லை. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் அவர் பக்கம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தைத் தொடுவதற்கே சில பழக்கங்கள் வேண்டும். சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு எண் ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்க வேண்டும். சரக்கை இறக்கும்போது டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். 'நம்ம கம்பெனிதானே, அப்புறம் வாங்கிக்கலாம்' என்று விட்டால், நாள் எண்ணுவதை எந்தத் தேதியிலிருந்து தொடங்குவது என்பதிலேயே வழக்கு நிற்கும். முப்பதாம் நாள் ஒரு நினைவூட்டல் போன் மூலமாக இல்லாமல் எழுத்தில் போக வேண்டும். பயிற்சியில் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டுகிறார்கள். முத்திரை கேட்டு வாங்கும் ஒத்திகை யாரும் பார்ப்பதில்லை. செக்யூரிட்டியிடமும் ஸ்டோர் கீப்பரிடமும் சலானை நீட்டி, 'சார், டேட் போட்டு ஒரு சீல்' என்று கேட்கப் பலருக்கு நாக்கு எழுவதில்லை. பழகினால் எழும்.

வங்கிக்கும் இதே கதைதான். மூன்றாவது தடவை போகும்போது கையில் புதிதாக என்ன இருக்கிறது? அதே விண்ணப்பத்தோடு போனால் அதே பதில். இரண்டு மாத விற்பனை நோட்டு, தனிக் கணக்கின் வரவு, ஒரு வாடிக்கையாளர் தந்த ஆர்டர் கடிதம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் கூடியிருக்க வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி நிறுவனம், வங்கியே நடத்துவதாக இருந்தால் கொஞ்சம் சங்கடம்தான். பரவாயில்லை, சொல்லிக்கொடுக்கட்டும்.

பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேர்காணலிலும் கேள்விகள் மாற வேண்டும். 'ஏன் தொழில் தொடங்க விரும்புகிறீர்கள்' என்று கேட்டால் மனப்பாடமான பதில்தான் வரும். 'கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை நடக்காமல் போனது எப்போது, மறுநாள் என்ன செய்தீர்கள், அதற்கு மறுநாள்?' என்று கேட்டுக்கொண்டே போனால் ஆள் தெரிவார். ரேஷன் கார்டுத் திருத்தம் ஆனாலும் சரி, ஆடு தொலைந்தது ஆனாலும் சரி. ஆனால் இதை வைத்து யாரையும் கழித்துக்கட்டக் கூடாது. யாருக்கு எந்தப் பயிற்சி கூடுதலாக வேண்டும் என்று பிரிக்க மட்டுமே பயன்படுத்தலாம்.

மாவட்ட நிர்வாகத்திடமும் பயிற்சி நிறுவனங்களிடமும் கேட்பது ஒன்றுதான். நிறைவு விழாவைப் பத்தாம் நாளில் வைக்காமல் நான்காவது கடை வருகைக்குப் பிறகு வையுங்கள். விழாவுக்கு வருகிறவர்கள் சான்றிதழ் வாங்க மேடை ஏறும்போது வரவு செலவு நோட்டையும் கொண்டு வரட்டும். உங்கள் செய்தியாளரும் படம் எடுத்து முடித்ததும் ஏதாவது இரண்டு நோட்டை வாங்கி, முந்தின நாள் தேதியில் வரி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சிறுதொழில் பயிற்றுநர்கள் சிலர்,
ஈரோடு.